ஒன்பதாவது ஷரத்து

ஜனவரி 8

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான், உன் அத்தான், அம்மா மூன்று பேரும் சுகம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாற்காலியை மாற்றச் சொன்னேனே, மாற்றினாயா, இல்லை வழக்கம்போல் தலையாட்டிவிட்டு மறந்துவிட்டாயா?

தபாலில் கடிதமா என்று உனக்குச் சிரிப்பு வரும். ஃபோனில் செய்தி அனுப்பலாம்தான். அதில் நான் 'நலம்' என்று ஒரு வார்த்தை தட்டுவேன், நீ ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். இது கட்டைவிரலில் முடிகிற விஷயம் இல்லை.

என் பெட்டி பேசுவதை நிறுத்திவிட்டது.

ஆபரேஷனுக்கு முன்னால் மூன்று வாரம், வெளிச்சத்தம் விழாமல் இருக்கத் துணி அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஆயிரத்து அறுநூறு வாக்கியம் பேசிப் பதிவு செய்தேனே, அதை வைத்து உங்கள் கம்பெனி செய்துகொடுத்த என் குரல். தொண்டையிலிருந்து குரல்வளையை எடுத்த பிறகு மூன்று வருஷமாக நான் தட்டத் தட்ட அந்த லேப்டாப் என் குரலிலேயே பேசியது. பஸ் நிலையத்து விசாரணைக் கவுண்டரில் எத்தனை பேருக்கு வழி சொல்லியிருக்கும்! கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறவளுக்கு வாய் அசையவே இல்லை என்று ஒருவர்கூடக் கவனித்ததில்லை.

நடந்தது இதுதான். லேப்டாப் கிழடாகிவிட்டது. நான் தட்டியதை அது பேசி முடிப்பதற்குள் பயணி பஸ்ஸைத் தவறவிட்டுவிடுவார். எங்கள் டிப்போவின் கம்ப்யூட்டர் ஆள், காதில் எப்போதும் ஸ்க்ரூடிரைவர் செருகியிருப்பாரே, திருப்புளி என்று எல்லோரும் கூப்பிடுகிறவர், அவர்தான் பார்த்துவிட்டு, "மேடம், அடியில ஓடுற ஆபரேட்டிங் சிஸ்டம்தான் பாரம். வேற ஒண்ணு இருக்கு, யார் வேணும்னாலும் இலவசமாப் போட்டுக்கலாம். பழைய மெஷின்லகூடப் பறக்கும்" என்றார். பறக்கத்தான் செய்தது. என் குரல் நிரலையும் ஏதோ வித்தை பண்ணி அதிலே ஏற்றிக் கொடுத்தார். இரண்டு நாள் நான் பழைய லவுட்ஸ்பீக்கர். மூன்றாம் நாள் காலை 'ஏழாவது பிளாட்பாரம்' என்று தட்டினேன். குரல் வரவில்லை, ஒரு சிவப்புக் கட்டம் வந்தது. எழுத்து விடாமல் பார்த்து எழுதுகிறேன்:

'ஷரத்து 9. இம்மென்பொருளும் இதன் வழி உருவாக்கப்பட்ட குரலும் நிறுவனம் ஏற்ற இயங்குதளத்தில் மட்டுமே பயன்படுத்தப்பட வேண்டும். பயனர் வேறு இயங்குதளத்தைத் தேர்ந்து அதில் இயக்கினால், இவ்வுரிமம் தானாகவே முடிவுக்கு வரும். முடிவுக்கு வந்த உரிமம் மீட்கப்பட மாட்டாது.'

எனக்கு இதில் ஒன்றும் ஏறவில்லை. எங்கள் டிப்போவில் லைசென்ஸ் வைத்திருக்கிற டிரைவர் எந்த ரோட்டில் வேண்டுமானாலும் பஸ் ஓட்டலாம். உங்கள் லைசென்ஸில் ரோட்டை மாற்றினால் பஸ்ஸே காணாமல் போய்விடுமா? நீ அந்தக் கம்பெனியில்தானே இருக்கிறாய். தெரிந்தவர் யாரையாவது கேட்டு, நம் பேச்சில் எனக்குச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் இனி நான் பேச முடியாது. ஆனால் ஆஸ்பத்திரியில் முதல் வாரம் செய்தோமே, நீ ஃபோனில் கேட்க, நான் ஸ்பூனால் மேஜையில் தட்டுவேனே. ஒரு தட்டு ஆமாம், இரண்டு தட்டு இல்லை. எனக்கு மறக்கவில்லை. உனக்கு?

அம்மா நன்றாக இருக்கிறாள்.

உன் அக்கா

*

ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் சுகம். முதுகு பரவாயில்லை. நாற்காலியை மாற்றிவிட்டேன். (இன்னும் இல்லை. நீ இதைப் படிப்பதற்குள் மாற்றிவிடுவேன்.) இங்கே குளிர் விடுகிற மாதிரி இல்லை. ஜன்னல் இடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்திருக்கிறேன். ஆபீஸில் எங்கள் மாடிக்குப் புதுக் கம்பளம் போட்டிருக்கிறார்கள். நடந்தால் சத்தமே கேட்பதில்லை, யார் எப்போது பின்னால் வந்து நிற்கிறார்கள் என்றே தெரியவில்லை.

திருப்புளியிடம் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்தையே திரும்பப் போடச் சொல்லிப் பார். சரியாகலாம்.

நீ கேட்டதை விசாரிக்கிறேன். அதெல்லாம் சட்டப் பாஷை. நீ மண்டையைக் குழப்பிக்கொள்ளாதே.

எனக்கு அம்மாவை நினைத்தால்தான் கவலை. கண் தெரியாதவளுக்கு உன் குரல்தானே நீ. ஆபரேஷனைச் சொன்னால் தாங்கமாட்டாள் என்று நாம் மூன்று பேரும் சேர்ந்து மறைத்தோம். வேலைப் பயிற்சிக்குப் போயிருக்கிறாய் என்று ஒரு மாசம் கதை விட்டோம். நீ திரும்பி வந்து பெட்டி பேசியதும், அதை நீ பேசுவதாகவே நம்பிவிட்டாள். "பயிற்சிக்குப் போயிட்டு வந்ததிலேருந்து உங்க அக்கா யோசிச்சு யோசிச்சுப் பேசறாடா, நல்ல பழக்கம்" என்று என்னிடம் சொன்னாளே! இப்போது அவளுக்கு என்ன சொல்லியிருக்கிறீர்கள்?

ஸ்பூன் மறக்கவில்லை. இந்த ஞாயிறு மீட்டிங் இருக்கிறது. அடுத்த ஞாயிறு கட்டாயம் கூப்பிடுகிறேன். அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

*

பிப்ரவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீ இரண்டு ஞாயிறாகக் கூப்பிடவில்லை. மீட்டிங் இரண்டு வாரம் நீண்டுவிட்டதோ?

பழையதைத் திரும்பப் போட்டாயிற்று. அதே சிவப்புக் கட்டம். ரோட்டுக்குத் திரும்பி வந்தும் பஸ் வரவில்லை. திருப்புளி பாவம், தினமும் என் அறை வாசலில் வந்து நின்று, "நான்தான் மேடம் கெடுத்துட்டேன்" என்று ஸ்க்ரூடிரைவரைக் காதிலிருந்து எடுத்து எடுத்துச் செருகுகிறார். அவருக்கு எழுதிக் காட்டிச் சமாதானப்படுத்தவே ஒரு நோட்டு தீர்ந்துவிட்டது.

என் அறை என்று எழுதினேன் இல்லையா? கவுண்டரிலிருந்து மாற்றிவிட்டார்கள். பேசாத ஆள் விசாரணையில் உட்கார முடியாது, நியாயம்தானே. இப்போது பஸ்ஸில் விட்டுப்போன பொருட்கள் அறை. குடை நாற்பத்தொன்று, ஒற்றைச் செருப்பு ஏழு, ஒரு முழுப் பல்செட். பல்செட்டை மறந்துவிட்டுப் போனவர் வீட்டில் என்ன செய்கிறாரோ! நல்ல ஓய்வு, வாய் வலிக்காத வேலை.

அம்மாவுக்கு ஜலதோஷம், தொண்டைக் கட்டு என்று அத்தான் சொல்லியிருக்கிறார். என் ஃபோனில் பேசுகிற குரல் ஒன்று இருக்கிறதே, எல்லா ஃபோனிலும் இருக்கும் அந்தப் பெண்ணின் குரல், அதில் "அம்மா" என்று தட்டிப் பார்த்தேன். அம்மா திடுக்கிட்டு, "யாரு இந்தப் பொம்பள?" என்று கேட்டாள். அதோடு விட்டுவிட்டேன். மற்றபடி அம்மா நன்றாக இருக்கிறாள்.

ஒன்பதாவது ஷரத்து என்ன ஆயிற்று? நீ விசாரிக்கவில்லை போலிருக்கிறது. அன்றைக்கு அந்த நிரலை ஏற்றும்போது நீதான் ஃபோனில் எனக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாய். பக்கம் பக்கமாக என்னவோ வந்தது. "இதுல என்னடா எழுதியிருக்கு?" என்று கேட்டேன். "அதையெல்லாம் யாரும் படிக்க மாட்டாங்கக்கா. கீழ 'ஒப்புக்கொள்கிறேன்'னு இருக்கும் பாரு, அமுக்கு" என்றாய். அமுக்கினேன். இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. உன்னிடம் என் சொந்தக் குரலில் நான் கேட்ட கடைசிக் கேள்விகளில் அது ஒன்று, அதனால் நினைவில் நின்றுவிட்டது.

உன் அக்கா

*

மார்ச் 17

தம்பிக்கு,

சுகமா? ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறது. கடிதமும் இல்லை, ஃபோனும் இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? இல்லை என்றால் ஒரு வெற்றுக் காகிதத்தையாவது உறையில் போட்டு அனுப்பு. ஷரத்தை விடு. அது எனக்கு வேண்டாம்.

அக்கா

*

ஏப்ரல் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். நான் கடிதம் எழுதிப் பழக்கமில்லாதவன். கடையில் சாவி வெட்டுவதற்கு நடுவில் எழுதுகிறேன். உங்கள் அக்காவுக்குத் தெரியாது.

அம்மா நன்றாக இருக்கிறாள் என்றுதான் அவள் எழுதியிருப்பாள். அப்படி இல்லை.

தொண்டைக் கட்டு என்று நான் சொன்ன பொய் ஒரு மாசம் ஓடியது. பிறகு அத்தை, "ஒரு மாசமாவா தொண்டை கட்டும்? எனக்குக் கண்ணுதான் தெரியாது, புத்தியும் போயிடுச்சா?" என்று கேட்டார்கள். தன் பெண் தன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். காரணம் தேடித் தேடிப் பார்க்கிறார்கள். "அன்னிக்கு சாப்பாட்டில உப்பு இல்லன்னு சொன்னேனே, அதுக்கா மாப்பிள்ளை?" என்கிறார்கள். இன்னொரு நாள், அவளுக்குச் சின்ன வயதில் வாங்கித்தராத சைக்கிளைச் சொல்கிறார்கள்.

போன வாரம் உங்கள் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்து கையைப் பிடித்தாள். அத்தை கையை இழுத்துக்கொண்டார்கள். "முதல்ல வாயைத் திறந்து பேசட்டும். அப்புறம் கையைப் பிடிக்கட்டும்" என்றார்கள். அன்று முதல் அவள் பக்கத்தில் போவதில்லை. அறை வாசற்படியில் சத்தம் இல்லாமல் உட்கார்ந்து அம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் அங்கே இருப்பது அத்தைக்குத் தெரியாது.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். மூன்று வருஷம் ஏமாற்றியதைத் தெரிந்துகொண்டால் அம்மாவுக்கு யார் மேலும் நம்பிக்கை இருக்காது என்று எழுதிக் காட்டினாள்.

நீங்களும் ஃபோன் செய்வதில்லை. "அவனும் பேசமாட்டேங்கிறான். ரெண்டு பேரும் கூட்டு சேர்ந்துக்கிட்டாங்க" என்று அத்தை நேற்றுச் சொன்னார்கள்.

எந்தப் பூட்டுக்கும் மாற்றுச் சாவி வெட்டிக் கொடுக்கிறவன் நான். இந்தப் பூட்டுக்கு என்னிடம் அச்சு இல்லை. உங்களிடம் இருந்தால் செய்யுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

*

ஏப்ரல் 14

அக்கா,

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். அதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அத்தான் எழுதியிருந்தார். அவரைத் திட்டாதே.

ஒன்பதாவது ஷரத்தை நான் யாரையும் விசாரிக்கத் தேவை இருக்கவில்லை. அதை எழுதியது நான்தான்.

நான் கம்ப்யூட்டர் செய்கிறேன் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொள்வாள். நான் செய்வது இதுதான் அக்கா. யாரும் படிக்காத பக்கங்களை எழுதுகிறேன். உன் முதல் கடிதத்தில் அந்த மூன்று வரியைப் படித்தபோது, எங்கே காற்புள்ளி வரும் என்றுகூட எனக்கு முன்கூட்டித் தெரிந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. எங்கள் நிரலைக் கண்ட கண்ட ஆபரேட்டிங் சிஸ்டத்தில் போட்டு ஓட்டிவிட்டு, ஓடவில்லை என்று ஜனங்கள் எங்களுக்கு ஃபோன் செய்தார்கள். உதவிப் பிரிவு மூச்சுத் திணறியது. எங்கள் மேலாளர், "இந்தத் தொல்லை வராத மாதிரி ஒரு ஷரத்து எழுது" என்றார். ஒரு மத்தியானத்தில் எழுதினேன். முதலில் எழுதியது இப்படி இல்லை. பயனருக்கு எச்சரிக்கை தருவோம், முப்பது நாள் அவகாசம் தருவோம், அதற்குள் பழையதற்குத் திரும்பினால் உரிமம் தொடரும் என்றுதான் எழுதினேன். நீளம் என்றார். அந்த முப்பது நாளை நானே வெட்டினேன். 'தானாகவே முடிவுக்கு வரும்' என்று போட்டேன். கூட்டத்தில் மேலாளர் அதைச் சத்தமாக வாசித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அன்றைக்கு உனக்குத்தான் முதலில் ஃபோன் செய்தேன். உனக்கு நினைவிருக்கிறதா? "அம்மா, இங்க வாயேன்! இவன் எழுதினதுக்குக் கைதட்டினாங்களாம்!" என்று நீ கத்தியதில் நான் ஃபோனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். நீ அவ்வளவு சந்தோஷப்பட்டது இந்த மூன்று வரிக்குத்தான்.

யாரோ ஒருத்தர் வீட்டில் இந்த ஷரத்து போய் விழும் என்று அன்று தெரியும். அந்த யாரோவுக்கு முகம் இருக்கவில்லை. பிறகு நானே உனக்கு அந்த நிரலை வாங்கிக் கொடுத்தேன், நானே "படிக்காதே, அமுக்கு" என்றேன். நான் எழுதியதை நானே மறந்துபோயிருந்தேன்.

ஞாயிறுகளில் மீட்டிங் எதுவும் இல்லை. ஃபோனைக் கையில் எடுப்பேன், வைத்துவிடுவேன். நீ ஸ்பூனால் தட்டுவதை எந்த முகத்தோடு கேட்பது? என் ஃபோனில் நீ என்றோ விட்டுவைத்த குரல் செய்தி ஒன்று இருக்கிறது. பதினோரு விநாடி. "டேய், ஃபோனை எடுக்க மாட்டியா? சரி போ. சாப்பிட்டுப் படு." பஸ்ஸுக்கு நிற்கும்போது அதைப் போட்டுக் கேட்கிறேன். கேட்டுவிட்டு இன்னொரு தடவை கேட்கிறேன். உன் குரலுக்கு இவ்வளவு ஏங்குவேன் என்று, அந்தக் குரல் எந்நேரமும் காதைத் துளைத்துக்கொண்டிருந்த காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

விதிவிலக்குக் கேட்டு மனு போட்டிருக்கிறேன். பதில் வந்ததும் எழுதுகிறேன்.

தம்பி

*

மே 23

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? அம்மா, அத்தான் நலமா? என் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபாலில் தொலைந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன், தொலைந்திருக்காது என்று தெரிந்தே.

என்னையும் உட்காரவைத்துக் கூட்டம் போட்டு மனுவை நிராகரித்துவிட்டார்கள். அந்த நிரலை இப்போது விற்பதே இல்லையாம். புதிய பதிப்பு வேண்டுமானால் பயனர் மறுபடி பேசிப் பதிவு செய்ய வேண்டுமாம். "அவர் மறுபடி பேச முடியாது" என்றேன். "வேறு இயங்குதளத்தைத் தேர்ந்தது அவர் விருப்பம்தானே" என்றார் தலைமை வகித்தவர். பிறகு என் பக்கம் திரும்பி, "இது நீங்க எழுதின ஷரத்துதானே, அருமையா எழுதியிருக்கீங்க, ஒரு ஓட்டை இல்ல" என்றார். அந்தக் கம்பளத்தில் எழுந்து நடந்து வெளியே வந்தேன். சத்தமே வரவில்லை.

ஆனால் ஓட்டை இருக்கிறது அக்கா. இரண்டு நாள் உட்கார்ந்து, முழு உரிமத்தையும் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் படிக்கிறவன் மாதிரி படித்தேன். நிரலும், அவர்கள் உன் பேச்சை வைத்துத் தயாரித்த குரலும்தான் அந்த ஷரத்துக்குக் கட்டுப்பட்டவை. நீ அலமாரிக்குள் தலையை விட்டுப் பேசி அனுப்பினாயே, அந்த ஆயிரத்து அறுநூறு பதிவுகள், அவற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுத மறந்திருக்கிறேன். நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்த மறதிதான். அவை உன்னுடையவை. கேட்டால் கொடுத்தாக வேண்டும்.

கம்பெனியின் பழைய பதிவுகளை வைத்திருக்கும் காப்பகத்தில் ஒரு அம்மாள் இருக்கிறார். விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "இதை யாரும் இதுவரை கேட்டதே இல்லையே" என்று ஆச்சரியப்பட்டார். இன்று கைக்கு வந்தது. ஒரு விரல் நீளப் பென்டிரைவில் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். எந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தில் செருகினாலும் பேசும். யாருடைய அனுமதியும் வேண்டாம். திருப்புளியிடம் கொடு. இதை வைத்துப் புதிதாகக் குரல் கட்டுகிற இலவச நிரல்கள் இருக்கின்றன, அவருக்குத் தெரிந்திருக்கும்.

நான் அதைப் போட்டுக் கேட்கவில்லை. உன்னைக் கேட்காமல் கேட்கத் தோன்றவில்லை.

அக்கா, என் மேல் கோபமா?

தம்பி

*

ஜூன் 14

அன்புள்ள அத்தானுக்கு,

சுகம்தானே? பார்சல் வந்ததா? அக்கா ஒன்றும் எழுதவில்லை. என் மேல் கோபமாக இருக்கிறாளா என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். அம்மாவிடம் நான் பேசலாமா, பேசினால் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

இப்படிக்கு,
மாப்பிள்ளை

*

ஜூன் 25

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம். பார்சல் வந்து இருபது நாள் ஆகிறது. கையெழுத்துப் போட்டு அவள்தான் வாங்கினாள். பிரிக்கவில்லை. உங்கள் ஏப்ரல் கடிதத்தோடு சேர்த்துச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறாள். ஸ்டூல் போட்டால்தான் எட்டும். மூன்று தடவை ஸ்டூல் போட்டுப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டாள். கோபமா என்று கேட்டேன். நோட்டை மூடிவிட்டாள்.

பொறுத்திருங்கள்.

அத்தான்

*

ஜூலை 13

அன்புள்ள தம்பிக்கு,

சுகமா? நாற்காலியை மாற்றினாயா? உண்மையைச் சொல்.

நானும் உண்மையைச் சொல்கிறேன். உன் ஏப்ரல் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. பொத்துக்கொண்டு வந்தது. எழுதினதற்காக இல்லை. பிழைப்புக்கு எதையோ எழுதினாய், நானும் சேர்ந்துதான் கத்திக் கொண்டாடினேன். ஆனால் ஜனவரியிலேயே தெரிந்திருந்தும், கம்பளத்தைப் பற்றி எழுதினாய் பார், அதற்குத்தான். இரண்டு மாசம் நான் உன் உடம்புக்கு என்னவோ என்று பயந்துகொண்டிருந்தேன். அந்தக் கடிதத்தை எட்டாத இடத்தில் தூக்கிவைத்தேன். பார்சலையும். அது வேறு பயம். என் குரலை நானே கேட்டால் என்ன ஆவேனோ என்று.

போன ஞாயிறு காலை அத்தான் கடைக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார். அம்மா அவள் அறையில் படுத்திருந்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறிப் பிரித்தேன். கூடத்தில் உட்கார்ந்து பெட்டியில் செருகினேன்.

என்ன வாக்கியங்கள்டா அவை! 'மூன்று ஆரஞ்சு நிறக் குடைகள் மாடியில் காய்கின்றன.' 'தச்சர் எட்டாவது ஏணியையும் எண்ணினார்.' நடுநடுவே நான் இருமுகிறேன். "தண்ணி குடுங்க" என்று அத்தானைக் கேட்கிறேன். ஓரிடத்தில், "இதையெல்லாம் எவன் உட்கார்ந்து எழுதினானோ!" என்று தலையில் அடித்துக்கொள்கிற சத்தம்கூடக் கேட்கிறது. பெட்டி பேசினபோது இதெல்லாம் கிடையாது. அது என் குரல், ஆனால் ஒழுங்காகத் தலைவாரிய குரல். இது நான். நான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறவள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. சத்தத்தைக் குறைக்கவும் தோன்றவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மா வந்து நின்றாள். முகமெல்லாம் சிரிப்பு. "பேசிட்டியாடி? யாருகிட்ட பேசறே?" என்றாள். அந்த நேரம் பார்த்துப் பெட்டி, 'அந்த வாத்துக்கு யார் வழி சொன்னது?' என்றது.

"எந்த வாத்துடி?" என்றாள் அம்மா.

நிறுத்தியிருக்கலாம். பொத்தான் கைக்குக் கிட்டேதான் இருந்தது. நான் நிறுத்தவில்லை தம்பி. மூன்று வருஷமாக அம்மா என் மணிக்கட்டைத்தான் பிடிப்பாள், கழுத்துப் பக்கம் அவள் கையை வரவிட்டதே இல்லை. அன்றைக்கு அசையாமல் உட்கார்ந்திருந்தேன். குரல் வந்த திசையில் தடவிக்கொண்டே வந்து என் தோளைப் பிடித்தாள். கன்னத்தைத் தொட்டாள். அப்புறம் உதட்டின் மேல் கையை வைத்தாள். பெட்டி பேசிக்கொண்டிருந்தது. என் உதடு மூடியிருந்தது.

அம்மாவின் சிரிப்பு போய்விட்டது. கை மெதுவாகக் கீழே இறங்கியது. கழுத்துத் துணியை விலக்கித் தழும்பைத் தொட்டது, ஓட்டையைத் தொட்டது, அங்கிருந்து வருகிற மூச்சின் மேலேயே விரலை வைத்துக்கொண்டு நின்றாள். பெட்டி இன்னும் நாலு வாக்கியம் பேசியது. என்னென்ன என்று என்னிடம் கேட்காதே.

பிறகு அம்மா கேட்டாள். "அப்ப என் மேல கோபம் இல்லையாடி?"

அவள் உள்ளங்கையை விரித்து, இரண்டு தடவை தட்டினேன். அவளுக்கு அது புரியவில்லை. மறுபடி இரண்டு, மறுபடி இரண்டு என்று அத்தான் வந்து அர்த்தம் சொல்கிறவரை தட்டிக்கொண்டே இருந்தேன்.

அம்மா இரண்டு நாள் அழுதாள். "அந்த டப்பாகிட்டயா மூணு வருஷமாக் கதை பேசிக்கிட்டிருந்தேன்?" என்று மூன்று பேரையும் சேர்த்துத் திட்டினாள். உனக்கும் பங்கு வைத்திருக்கிறாள், தயாராக இரு. மூன்றாம் நாள் கையை நீட்டி, "டீ குடிச்சியா?" என்றாள். ஒரு தட்டு. "உப்பு இல்லன்னு சொன்னது உண்மைதானே?" ஒரு தட்டு. இப்போது நாள் பூராவும் கேள்வி கேட்டு என் விரலைத் தேய்க்கிறாள். வாசற்படியில் உட்காருகிற வேலை எனக்குப் போய்விட்டது.

திருப்புளி அந்தப் பதிவுகளை வைத்துப் புதுக் குரல் கட்டிக்கொண்டிருக்கிறார். யாரும் எங்கேயும் ஓட்டிக்கொள்ளலாமாம், ஷரத்து எதுவும் கிடையாதாம். இப்போதைக்கு அதற்கு ஜலதோஷம் பிடித்த மாதிரி இருக்கிறது. ஒரு வருஷம் ஆகலாம் என்கிறார். காத்திருக்கிறேன். பல்செட்டுக்காரர் இன்னும் வரவில்லை, அவருக்காகவும்தான்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். நீ வெட்டினாயே அந்த முப்பது நாள், அதைத் திரும்பப் போடப் பார். முடியாது என்பார்கள். மறுபடி கேள். எனக்காக இல்லை. வேறு எவனோ ஒருவனின் அக்கா எங்கேயோ உட்கார்ந்து 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அமுக்கிக்கொண்டிருப்பாள்.

மே மாசக் கடிதத்தில் நீ ஒரு கேள்வி கேட்டிருந்தாய். அதற்கு எழுத்தில் பதில் தரமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ஃபோன் செய், அதையே வாயால் கேள். பக்கத்தில் அம்மா இருப்பாள், அத்தான் ஃபோனைப் பிடித்துக்கொள்வார். ஸ்பூனைக் கழுவி மேஜைமேல் வைத்திருக்கிறேன். காதைத் தீட்டி வைத்துக்கொண்டு, எத்தனை தட்டு என்று சரியாக எண்ணிக்கொள்.

உன் அக்கா